துபாய் பக்கமா, சிங்கப்பூர் பக்கமா? டிக்கெட்டை நாமே படிப்போம்



ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒரு அக்கா தன் மகனின் விமான டிக்கெட்டைக் காட்டினார். "சென்னையில காலை பத்து மணிக்குக் கிளம்பி பன்னெண்டே முக்காலுக்கு துபாய் போயிடுமாம். ரெண்டே முக்கால் மணி நேரம்தானா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "என் வீட்டுக்காரரு சிங்கப்பூர் போனப்ப பத்துக்குக் கிளம்பி சாயங்காலம் அஞ்சுன்னு போட்டிருந்துச்சு. சிங்கப்பூர் அவ்வளவு தூரமா?" என்றார்.

உண்மையில் இரண்டு ஊரும் சென்னையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம்தான். வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், இரண்டு ஊருக்கும் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும்.

அப்படியானால் டிக்கெட்டில் ஏன் இந்த வித்தியாசம்? பூமி சுற்றுவதால் கிழக்கே உள்ள ஊருக்கு முதலில் பொழுது விடிகிறது. அதனால் பல நாடுகளில் கடிகார நேரம் வேறு. சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். துபாய் நேரம் ஒன்றரை மணி பின்னால். டிக்கெட்டில் கிளம்பும் நேரம் கிளம்பும் ஊர்க் கணக்கு. சேரும் நேரம் சேரும் ஊர்க் கணக்கு.

துபாயில் மதியம் 12.45 என்றால் நமக்கு 2.15. ஆக, பயணம் 4 மணி 15 நிமிடம். சிங்கப்பூரில் மாலை 5 என்றால் நமக்கு 2.30. பயணம் நாலரை மணி நேரம்.

இதைவிட முக்கியமான ஒன்று, தேதி. நமக்குத் தெரிந்த ஒரு உறுப்பினர் குழுவில் கடன் வாங்கி மகனுக்கு டிக்கெட் எடுத்தார். அதில் 15-ஆம் தேதி 00.30 என்று இருந்தது. 15-ஆம் தேதி ராத்திரி என்று நினைத்துப் போனார்கள். விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது! டிக்கெட் பணம் போனது. கடன் தவணை மட்டும் நின்றது. 00.30 என்றால் 14-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி அரை மணி நேரம். அதற்கு 14-ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

டிக்கெட் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை:

1. நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும். 13.00 என்றால் மதியம் ஒரு மணி.
2. நள்ளிரவு விமானமா? அப்படியானால் முந்தின நாள் இரவே போக வேண்டும்.
3. சேரும் நேரத்தின் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் போய்ச் சேரும்.
4. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது.
5. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா?

ஏஜெண்டு வாயால் சொன்னதை மட்டும் நம்பாமல், டிக்கெட்டை வாங்கி அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.