கப்பலேறும் மிளகும் எடைச் சான்றும்

எடப்புளி நாட்டில் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த கொடிகளிலிருந்து பறித்து உலர்த்தப்படும் மிளகு, மூட்டையாகி வியாபாரியின் தராசில் ஏறுகிறது. அங்கே குறிக்கப்படும் எடையோடு தம் கணக்கு முடிந்துவிட்டதாகவே விவசாயிகள் கருதுகின்றனர். ஆனால் அதே மூட்டை பல கை மாறி ஏற்றுமதிக்குப் போகுமானால், சென்னையிலோ தூத்துக்குடியிலோ கப்பலேறும் முன் அதன் எடைக்கு மறுபடியும் கணக்குக் கேட்கப்படும்.

வெளிநாடு செல்லும் சரக்கில் பெரும்பகுதி இன்று கன்டெய்னர் எனப்படும் இரும்புப் பெட்டிகளில் அடைத்தே அனுப்பப்படுகிறது. 20 அடி நீளமுள்ள வெறும் பெட்டியே 2 டன்னுக்கு மேல் எடையுள்ளது. கப்பலில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது கனமானது கீழேயும் லேசானது மேலேயும் இருக்க வேண்டும். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெட்டியின் எடையைத் தவறாகச் சொன்னால் அடுக்கும் தவறாகும்.

2007 ஜனவரியில் எம்.எஸ்.சி. நேப்போலி என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி உடைப்புக் கண்டது. பிறகு அதன் மேல்தளத்திலிருந்த சுமார் 660 பெட்டிகள் நிறுக்கப்பட்டன. அவற்றில் 137 பெட்டிகள், அறிவிக்கப்பட்ட எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் வேறுபட்டிருந்தன. ஒரு பெட்டியில் வேறுபாடு 20 டன்! கப்பலின் கட்டமைப்பில் போதிய வலுவில்லாததே உடைப்புக்கு முக்கிய காரணம் என்றாலும், எடை விவரம் எவ்வளவு நம்பத்தகாதது என்பது அப்போது வெளிப்பட்டது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கை திருத்தப்பட்டு, 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைத் தெரிவிக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்றாயிற்று. இந்தியத் துறைமுகங்களுக்கும் இது பொருந்தும். எடைக்குப் பொறுப்பு சரக்கை அனுப்புபவருடையது.

எடையை இரு வழிகளில் கணக்கிடலாம். சரக்கு அடைத்த பெட்டியை அப்படியே எடை மேடையில் நிறுப்பது ஒன்று. ஒவ்வொரு மூட்டையையும், முட்டுக் கொடுக்கும் கட்டைகளையும் நிறுத்துக் கூட்டி, கதவில் பொறித்துள்ள வெறும் பெட்டியின் எடையை அத்துடன் சேர்ப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் மூட்டைக் கணக்கே அடிப்படை. மூட்டைக்கு 1 கிலோ பிசகினால் 250 மூட்டைக்கு கால் டன் பிசகும். அத்தகைய பிசகால் ஏற்றுமதியாளருக்கு வரும் நட்டம் விலைக் குறைப்பாக மலைக்குத் திரும்பி வருவது எளிது. ஆகவே முதல் தராசிலேயே எடை சரியாக இருப்பது விவசாயிக்கே பாதுகாப்பு.

மிளகின் எடையில் பெரிய மாயம் செய்வது ஈரம். 16 சதம் ஈரமுள்ள 53 கிலோ மிளகு, 11 சதத்துக்குக் காய்ந்தால் 50 கிலோதான் நிற்கும். 3 கிலோ லாபம் என்று அரைகுறையாய்க் காய்ந்ததை விற்பது புத்திசாலித்தனம் ஆகாது. மூடிய இரும்புப் பெட்டியில் அந்த ஈரம் ஆவியாகி, கூரையில் நீராகப் படிந்து, மூட்டைகள் மேலேயே சொட்டும், பூசணம் பிடிக்கும். வியாபாரிகள் இதை அறிந்தே "ஈரக் கழிவு" என்று கைக்கு வந்தபடி பிடிக்கிறார்கள். நன்கு காய்ந்த மிளகைத் தரும் விவசாயிதான் அந்தக் கழிவை மறுத்துப் பேச முடியும். பறித்து உதிர்த்த மணிகளைக் கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்துச் சுத்தமான தளத்திலோ பாயிலோ உலர்த்தினால் விரைவாகக் காயும். நிறமும் ஒரே சீராகக் கறுக்கும். 100 கிலோ பச்சை மிளகுக்கு ஏறத்தாழ 33 கிலோ உலர் மிளகு கிடைக்கும். இதைவிட மிகுதியாக நின்றால் காய்ச்சல் போதவில்லையோ என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது சாக்குக் கழிவு. வெறும் சாக்கை விவசாயியின் கண் முன்னே நிறுத்துக் கழிக்க வேண்டும். 600 கிராம் சாக்குக்கு 1 கிலோ கழித்தால், பத்து மூட்டையில் 4 கிலோ மிளகு இனாமாகப் போகிறது.

தராசையும் சோதிக்க வேண்டும். மேடை சமதளத்தில் உள்ளதா, வெறுமையாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு ஒரே மூட்டையை மேடையின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்தால் ஒரே எடை காட்ட வேண்டும். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும், கோல் தராசுக்கும் எடைக்கற்களுக்கும் 24 மாதத்துக்கு ஒரு முறையும் அரசு முத்திரை புதுப்பிக்கப்பட வேண்டும். முத்திரையில்லாத தராசில் நிறுப்பது, 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம்.

நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து முத்திரையிட்ட மேடைத் தராசு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மூட்டையிலும் எண்ணிட்டு, தேதி, மொத்த எடை, சாக்கு எடை, நிகர எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, வியாபாரியின் கையெழுத்தையும் அதிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும். தராசில் ஐயமிருந்தால் நாமக்கல்லிலுள்ள தொழிலாளர் துறை அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம். புகாரோடு அந்த நோட்டின் நகலையும் இணைத்துக் கொடுப்பது நலம்.