விளையாட்டுக் கணிப்பொறியும் அதன் உறுப்புத் தெரிவும்

நம் கல்லூரி விடுதியின் தாழ்வாரத்தில் இரவு ஒன்பது மணிக்குமேல் நடப்பார்க்கு, சாத்திய கதவுகளின் பின்னிருந்து துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் அதனைத் தொடர்ந்து ஒரு பெருமூச்சும் கேட்பது வழக்கம். கணிப்பொறி விளையாட்டு மாணவர்க்குத் தகுமோ தகாதோ என்னும் வழக்கினை யாம் ஈண்டு ஆராயப் புகுந்திலேம். அதனைச் சொற்போர் மன்றத்தார் ஆண்டுதோறும் முடிவின்றிப் பேசி வருகின்றனர். விளையாடுவதென்று துணிந்து, அதற்கெனக் கணிப்பொறி ஒன்று கொள்ள விரும்பும் மாணவர் அதன் உறுப்புக்களை எம்முறையில் தெரிந்துகொள்ளல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இதனை எழுத எம்மைத் தூண்டியது அறிவின் மிகுதியன்று, பட்ட இழப்பே என்பதனை முன்னரே ஒப்புக்கொள்கின்றோம்.

ஈராண்டுகட்கு முன்னர் எம் தந்தையார், கட்டுரைகள் தட்டெழுதவும் ஓய்வு வேளையில் விளையாடவும் ஒருங்கே பயன்படுமென்று கருதி, ஓராண்டாகச் சேர்த்து வைத்த பொருளை எம் கையிற் கொடுத்தார். அதனைக் கொண்டு நண்பர் இருவருடன் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றோம். எம் மனம் முழுதும் கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் மேலேயே கிடந்தது. ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் கார்டில் 12 ஜி.பி. நினைவகமுடைய வகையைக் கொண்டோம். எஞ்சியதில் ரைசன் 5 5600 என்னும் பிராசஸர் ஒன்றும், அதற்கேற்ற மதர்போர்டும், 8 ஜி.பி. ரேம் ஒன்றும் கொண்டோம். பவர் சப்ளை யாதென்று வினவியபொழுது, "அது கேபினட்டோடு இலவசமா வருது, தம்பி" என்றார் கடைக்காரர். இலவசம் என்னும் சொல் அன்று எம் செவிக்கு இனிதாகவே இருந்தது. மானிட்டர்க்கு வீட்டிற் கிடந்த பழையதே போதுமென்று திரும்பினோம்.

நான்கு திங்கள் யாதொரு குறையுமின்றிக் கழிந்தன. சித்திரை வெயில் முதிர்ந்த ஒரு மாலைப்பொழுதில், விளையாட்டின் நடுவே திரை இருண்டது. அறையெங்கும் கருகிய மணம் பரந்தது. அவ்விலவசப் பவர் சப்ளை தான் அழிந்ததன்றி மதர்போர்டினையும் உடன்கொண்டு போயிற்று. செய்தியைத் தொலைபேசியில் தந்தையார்க்குக் கூறினோம். அவர் சினந்திலர். "மறுபடி எவ்வளவு ஆகும்?" என்று மட்டுமே வினவினார். அவ்வினா எம்மைச் சில நாள் உறங்கவிடவில்லை. அதன்பின்னரே உறுப்புக்கள் ஒன்றோடொன்று எவ்வாறு தொடர்புற்று நிற்கின்றன என்பதனைக் கற்கத் தலைப்பட்டோம்.

விளையாட்டில் யாம் காண்பது அசையும் ஓவியம் போலத் தோன்றினும், உண்மையில் அது நொடிக்கு நொடி புதிதாக வரையப்படும் தனித்தனிப் படங்களின் வரிசையே. பகைவன் எங்கு நிற்கின்றான், எறிந்த குண்டு எவ்வழிச் செல்லும், கதவு திறந்துளதோ என்பனவற்றைக் கணக்கிடுதல் பிராசஸரின் தொழில். அக்கணக்கினைப் பெற்று ஒளியும் நிழலும் வண்ணமும் அமையப் படமாகத் தீட்டுதல் கிராபிக்ஸ் கார்டின் தொழில். தீட்டியதைக் கண்ணுக்குக் காட்டுதல் மானிட்டரின் தொழில். இம்மூன்றனுள் எது மெதுவானதோ அதன் நடையே ஏனையவற்றின் நடையாகும். நேரிசை வெண்பாவில் ஒரு சீர் தளை தட்டுமாயின், மற்றைப் பதினான்கு சீரும் செவ்விதாயினும் ஓசை கெடுதல் தமிழ் பயில்வார் அறிந்ததே. யாம் வாங்கிய பொறி அத்தகைய வெண்பா.

ஆதலின், தெரிவினைக் கார்டிலிருந்து தொடங்குதல் பிழை. திரையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருதலே முறை என்பது எம் துணிபு. பழைய மானிட்டர்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் அளவின. அஃதாவது நொடிக்கு 60 முறையே படத்தை மாற்றுவன. கார்டு நொடிக்கு 150 படம் தீட்டினும், அத்திரை 60 முறைக்குமேல் மாறாது. நொடியை ஆயிரங் கூறிட்டால், 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 17 கூறு; 144 ஹெர்ட்ஸ் திரையில் ஏறத்தாழ 7 கூறு. சிறிதென்று தோன்றும் இவ்வேற்றுமையைச் சுட்டியை ஒருமுறை விரைந்து அசைத்த அளவிலேயே கண் அறிந்துகொள்ளும். யாம் நான்கு திங்களாகப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிய கார்டின் உழைப்பிற் பாதியைக் கண்ணாற் கண்டிலேம்.

திரையின் நுண்மையும் ஈண்டு நோக்கற்பாலது. 1920க்கு 1080 என்னும் அளவினதாகிய திரையில் உள்ள புள்ளிகள் 20,73,600. 2560க்கு 1440 ஆயின் 36,86,400. 4கே எனப்படும் 3840க்கு 2160 ஆயின் 82,94,400. முதலதற்குச் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு படத்திலும் இத்தனை புள்ளிகளையும் கார்டு வண்ணந் தீட்டுதல் வேண்டும். 4கே திரையை ஆசையால் வாங்கிவிட்டுக் கார்டினை வைதல் நேர்மையன்று. மாணவர் மேசைக்கு 24 அங்குலமும் 1080 வரியும் 144 ஹெர்ட்ஸும் உடைய திரை போதுமென்பது எம் கருத்து. வசதியுடையார் 27 அங்குலத்தில் 1440 வரி கொள்ளலாம். திரையும் கார்டும் ஒத்த நடையிற் செல்லாதபொழுது படம் குறுக்கே கிழிந்தாற் போலத் தோன்றும். அதனைத் தவிர்க்க 2013இல் ஜி-சிங்க் என்னும் முறையும், 2015இல் பிரீசிங்க் என்னும் முறையும் வந்தன. அவற்றுள் ஒன்றேனும் உளதோ என்று கேட்டு வாங்குக.

இனி, எவ்விளையாட்டு என்பதனைத் துணிதல் வேண்டும். வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போல்வன பிராசஸரையே மிகுதியும் வருத்துவன. சைபர்பங்க் 2077 போல்வன கார்டினை வருத்துவன. நும்பால் முன்னரே ஒரு பொறி உளதாயின், எவ்வுறுப்பு தளை தட்டுகின்றது என்பதனைக் காசின்றியே அறியலாம். விளையாட்டின் அமைப்பிற் சென்று படத்தின் நுண்மையைக் குறைத்துப் பார்க்க. நொடிக்கு வரும் படத்தொகை உயருமாயின் இடர் கார்டினது. உயராதாயின் பிராசஸரினது. புதிய கார்டு வாங்கத் துடித்த எம் நண்பர் ஒருவர் இச்சோதனையால் தம் பொருளைக் காத்துக்கொண்டார்.

கார்டு வாங்குவோர் பெயரை மட்டும் நம்புதல் கூடாது. 2016இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060 என்னும் ஒரே பெயரில் 6 ஜி.பி. வகையும் 3 ஜி.பி. வகையும் விற்கப்பட்டன. நினைவகம் மட்டுமே வேறென்று பலர் கருதினர். உள்ளிருந்த கணக்கிடும் கூறுகளோ முன்னதில் 1,280, பின்னதில் 1,152. 3060 என்னும் பெயரிலும் 12 ஜி.பி. வகைக்குப் பின் 8 ஜி.பி. வகையொன்று 2022இல் வந்தது; அதன் நினைவகப் பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகியது. மடிக்கணினியிலோ இம்மயக்கம் இன்னும் பெரிது. ஆர்.டி.எக்ஸ். 4060 என்று மடிக்கணினியில் எழுதப்பட்டிருப்பின், அது 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்னிலேனும் இயங்குமாறு அமைக்கப்பட்டிருத்தல் கூடும். வாட் எவ்வளவு என்று கேளாமல் மடிக்கணினி கொள்ளுதல், படியின் அளவு அறியாமல் அரிசி கொள்வதனை ஒக்கும்.

பிராசஸரைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. நடுத்தர விலையின் ஆறு கரு உடைய ஒன்று பெரும்பாலார்க்குப் போதும். ஆயின் அது பொருந்தும் சாக்கெட்டினை நோக்குக. 2017இல் ஏஎம்4 மதர்போர்டு வாங்கியவருட் பலர், பல்லாண்டு கழித்து அதே மதர்போர்டில் ரைசன் 5000 வரிசையைப் பொருத்த இயன்றது. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டு டி.டி.ஆர். 5 ரேமினை மட்டுமே ஏற்கும்; பழைய டி.டி.ஆர். 4 அதிற் செருகவே இயலாது. ரேம் கொள்வார் 16 ஜி.பி. ஒன்றாகக் கொள்ளாது 8 ஜி.பி. இரண்டாகக் கொள்க, இரு வாய்க்கால் வழிப் பாயும் நீர்போல இரண்டும் ஒருங்கே இயங்கும். 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகத்தைப் பெருவாரியாகக் கொண்டமையால் ரேம் விலை மிக ஏறிற்று. ஆகவே பழைய விலைப்பட்டியலை நம்பிக் கணக்கிடுவோர் கடையில் திகைக்க நேரும். விளையாட்டினைச் சேமிக்க எஸ்.எஸ்.டி. கட்டாயம் வேண்டும், அதன் வகைகளுள் மிக விரைவானதற்கும் சாதாரணமானதற்கும் விளையாட்டிற் காணும் வேற்றுமை சிறிதே.

பவர் சப்ளைக்கு வருவோம். எம் பொறி எரிந்தபின் அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளை முதன்முறையாகப் படித்தோம். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருந்தது. கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட் வரிசைக்கு 18 ஆம்பியர் என்றிருந்தது. பிராசஸரும் கார்டும் தமக்கு வேண்டும் மின்னைப் பெறுவது அவ்வரிசையிலிருந்தே. 12ஐ 18ஆற் பெருக்க 216 வாட். எம் கார்டு கொள்வது 170 வாட். பிராசஸர் முழுதுழைக்குங்கால் கொள்வது 76 வாட். இரண்டுங் கூடி 246. விசிறிகளையும் பிறவற்றையும் கணக்கிடாமலே சுமை வலிமையை விஞ்சிவிட்டது. கார்டுக்கு வேண்டிய எட்டு முள் இணைப்பியும் அதில் இல்லாமையால், நான்கு முள் இணைப்பிகள் இரண்டினைச் சேர்த்து ஒட்டுப்போட்டிருந்தனர். அது நான்கு திங்கள் தாங்கியதே வியப்பு. ஆகவே மேலெழுத்தை விடுத்து 12 வோல்ட் வரிசையைப் படிக்க. பெருக்கிப் பார்த்து, வேண்டுவதினும் மூன்றிலொரு பங்கேனும் மிகுதியுளதாகக் கொள்க. 80 பிளஸ் என்னும் முத்திரை நன்றே. ஆயின் அது மின் வீணாகாமைக்குச் சான்றேயன்றிக் காப்புக்குச் சான்றன்று. இவ்வொன்றில் மட்டும் இலவசமும் பழையதும் வேண்டா.

மின்வெட்டு மிகும் ஊரினர் யு.பி.எஸ். ஒன்றும் கொள்வர். அதன்மேல் 600 வி.ஏ. என்று எழுதியிருத்தல் 600 வாட் ஆகாது. பெரும்பாலும் 360 வாட்டே. வெப்பமும் மறக்கற்பாலதன்று. குளிர்நாட்டார் எழுதும் மதிப்புரைகளில் அறையின் வெப்பம் 22 பாகையளவில் இருக்கும். சித்திரையில் நம் அறை 36 பாகை. அவர் பொறியில் 70 பாகை காட்டும் கார்டு நம் பொறியில் ஏறத்தாழ 84 பாகை காட்டும். வெப்பம் எல்லை மீறுங்கால் கார்டு தன்னைக் காக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முகப்பில் கண்ணாடி பதித்த கேபினட் அழகிது. வலைமுகப்புடையதே நம் நாட்டுக்கு ஏற்றது. அவ்வலையிற் படியும் தூசியைத் திங்களுக்கொருமுறை துடைத்தலும் வேண்டும்.

துணைக்கருவிகளுள் மவுஸ் முதன்மையானது. பெட்டியின்மேல் 26,000 டி.பி.ஐ. என்று எழுதுவர்; போட்டிகளில் விளையாடுவோருட் பலர் வைத்துக்கொள்வது 400 அல்லது 800. எனவே எண்ணை விடுத்துக் கைக்கு அடங்குவதாயும் எடை குறைந்ததாயும் உள்ளதனைக் கையிற் பிடித்துப் பார்த்து வாங்குக. ஹெட்போனில் 7.1 என்னும் எழுத்துக்குப் பொருள் கொடுத்தல் வேண்டா. இரு செவிக்கு நல்ல இரண்டு ஒலிபெருக்கி போதும். மெக்கானிக்கல் கீபோர்டு விளையாட்டுக்கேயன்றித் தமிழ் தட்டெழுதவும் மிக இனிது. ஐங்குறு நேரத்தில் ஒரு பக்கம் ஓடிவிடும். ஆயின் நீல நிற சுவிட்ச் உடையதனை விடுதியிற் கொள்ளற்க. அதன் டக்கு டக்கென்னும் ஓசையால் எம் அறைத்தோழர் எம்மோடு இரண்டு நாள் பேசாதிருந்தார்.

எம் பொறி இப்பொழுது மீண்டும் இயங்குகின்றது. மதர்போர்டும் பவர் சப்ளையும் புதியன. இரண்டாம் ரேமும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் பின்னர்ச் சேர்ந்தன. அவற்றின் விலையை விடுமுறைகளில் மாணவர்க்குத் தமிழ் கற்பித்து ஈட்டினோம். பொருத்தியபின் செய்ய வேண்டுவன சில உள. புதிய மானிட்டர் 144 ஆயினும், விண்டோஸ் பலகால் அதனை 60 ஆகவே வைத்திருக்கும். அமைப்பிற் சென்று மாற்றுதல் வேண்டும். ரேமும் பயாஸில் ஒரு குறிப்பினைத் திறந்தாலன்றித் தன் முழு வேகத்தில் ஓடாது.

மூன்றாவதனை அண்மையிற் கண்டோம். வடக்குப் பகுதியில் உறையும் நண்பர் ஒருவர், தம் புதிய பொறியில் விளையாட்டு நொண்டி நொண்டி நடக்கின்றதென்று எம்மை அழைத்தார். பிராசஸர் 5600ஜி, கார்டு எம்முடையதினும் உயர்ந்தது, பவர் சப்ளையும் குறையற்றது. மேசையைச் சுவரிலிருந்து சற்றே இழுத்துப் பின்புறம் நோக்கினோம். மானிட்டரின் கம்பி, கார்டிற் செருகப்படாது, அதன் மேலே மதர்போர்டின் துளையிற் செருகப்பட்டிருந்தது. அப்பிராசஸர் தன்னுள்ளேயே சிறியதொரு படம் தீட்டும் கூறு உடையதாகலின், திரை இருளாது அவரை ஏமாற்றி வந்துளது. கம்பியை நான்கு விரற்கடை கீழே மாற்றினோம். அவர் பொறி வாங்கி ஒன்பது திங்கள் ஆகியிருந்தன.