பழைய பேரலில் பார்பிக்யூ ஸ்மோக்கர்: தீயை ஆள்வது கரி இல்லை, காற்று!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டினால் திருவிடந்தை. நித்யகல்யாணப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். 2018 ஏப்ரலில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தபோது செய்திகளிலும் அடிபட்டது. இங்கிருந்து மாமல்லபுரம் வரை கடலோரம் வாடகைக்கு பீச் ஹவுஸ்கள் கிடைக்கின்றன. வீக்கெண்டுக்கு புக் செய்கிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: 'பார்பிக்யூ போடலாமா?'

பெரும்பாலும் அங்கே இருப்பது, பேரலை நீளவாக்கில் பாதியாக அறுத்து, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்ட அடுப்பு. அது கிரில். நேரடி அனலில் சிக்கன் 30, 40 நிமிடத்தில் வெந்துவிடும். மேலே கருகி, எலும்போரம் வேகாமலும் இருக்கும். அதே பேரலை அறுக்காமல் நிமிர்த்தி வைத்து, மூடி போட்டு, குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் புகையோடு வேகவைத்தால் அது ஸ்மோக்கர். அமெரிக்காவில் இதற்கு 'அக்ளி டிரம் ஸ்மோக்கர்' என்றே செல்லப்பெயர். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், வேலையைச் சரியாகச் செய்யும்.

பேரலுக்கும் பத்திரிகை உலகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 72 நாளில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை, பிறகு கணவரின் இரும்புத் தொழிற்சாலையை நடத்தினார். இன்றைய 200 லிட்டர் பேரலுக்கு அடிப்படையான காப்புரிமையை 1905-ல் பெற்றவர், அங்கே வேலை பார்த்த ஹென்றி வேர்ஹான்.

எந்தப் பேரல்?

முழு வேலையிலும் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். பழைய இரும்புக் கடையில் எல்லா பேரலும் ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. பூச்சிக்கொல்லி, தின்னர், பிசின், பெயர் தெரியாத கெமிக்கல் இருந்த பேரல் வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும், எரித்தாலும் அதை நம்ப முடியாது. சமையல் எண்ணெய், பழக்கூழ் மாதிரி உணவுப் பொருள் வந்த பேரல்தான் பாதுகாப்பு. லேபிள் கிழிந்துபோயிருந்தால் அந்த பேரலை விட்டுவிடுங்கள்.

அடுத்தது துத்தநாகப் பூச்சு. வெள்ளி மாதிரி மினுமினுக்கும் ஜி.ஐ. தகடு வேண்டாம். துத்தநாகம் உருகுவது சுமார் 420 டிகிரி செல்சியஸில். பேரலுக்குள் பெருந்தீ மூட்டினால் அந்தச் சூடு வந்துவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல், நடுக்கம் வரும் என்பது வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். சாதாரண இரும்பு பேரலிலும் உட்புறம் தங்க நிறத்திலோ செம்மண் நிறத்திலோ எப்பாக்ஸி பூச்சு இருக்கலாம். அதை வெட்டவெளியில் விறகுத் தீ போட்டு முழுதாக எரித்து, பிறகு வயர் பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும்.

மேல்புறம் முழுதாகத் திறக்கும், கிளாம்ப் வளையத்தோடு மூடி வரும் பேரலாகத் தேடுங்கள். மூடிய பேரலை வாங்கி, 'காலிதானே' என்று கேஸ் கட்டர் வைப்பது உயிரோடு விளையாடும் வேலை. திரவம் தீர்ந்தாலும் ஆவி உள்ளே தங்கியிருக்கும். ஒரு பொறி பட்டால் பேரலே வெடிகுண்டாகிவிடும்.

ஓட்டைகள்தான் ரெகுலேட்டர்

200 லிட்டர் பேரல் சுமார் 88 செ.மீ. உயரம் இருக்கும். அடியிலிருந்து 5 செ.மீ. மேலே, சுற்றிலும் சம இடைவெளியில் 20 முதல் 25 மி.மீ. அளவில் மூன்று ஓட்டைகள். இரண்டுக்கு மூடி, ஒன்றுக்கு பால் வால்வு. மூடியில் 12 மி.மீ. ஓட்டைகள் எட்டு. உள்ளே கம்பி வலையில் செய்த கரிக்கூடை. அது தரையைத் தொடாமல் 7, 8 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் சாம்பல் சேர்ந்து காற்றை அடைத்துவிடும். கரிக்கு சுமார் 60 செ.மீ. மேலே இறைச்சி வைக்கும் வலை. அதே உயரத்தில், பக்கவாட்டில் ஒரு தெர்மாமீட்டர். அவ்வளவுதான்.

இதில் சூடு எப்படி அடங்குகிறது? கேஸ் அடுப்பில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறோம். இங்கே 4, 5 கிலோ கரி மொத்தமாக உள்ளே இருக்கும். ஆனால் உள்ளே வரும் ஆக்சிஜன் அளவுக்குத்தான் அது எரியும். எனவே கீழ் ஓட்டைதான் ரெகுலேட்டர். எரியாத கரியைக் கூடை நிறையப் போட்டு, பத்துப் பன்னிரண்டு கனிந்த துண்டுகளை மட்டும் மேலே வைத்தால், தீ மெல்ல மெல்லக் கீழே இறங்கும். 8 மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கும்.

இலக்கு 110 முதல் 135 டிகிரி. புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறும் இடம் இங்கேதான். 120 வந்ததும் வால்வை அடைக்கலாம் என்று காத்திருந்தால், முள் 160-ஐத் தாண்டி ஓடிவிடும். மொத்தக் கரியும் பற்றிக்கொண்ட பிறகு சூட்டை இறக்குவது பெரும்பாடு. 95, 100 வரும்போதே ஓட்டைகளை ஒவ்வொன்றாக மூட ஆரம்பியுங்கள். ஒரு மாற்றம் செய்தால் 15 நிமிடம் கை வைக்காமல் இருங்கள். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே பாயும், தீ கிளம்பும்.

கடற்கரையில் இன்னொரு சிக்கல் காற்று வீசும் திசை. பகலில் கடலிலிருந்து அடிக்கும் காற்று, இரவில் நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும். திறந்த ஓட்டை காற்றுக்கு நேராக இருந்தால் துருத்தி வைத்து ஊதுவதுபோலத்தான். பேரலைத் திருப்பி வையுங்கள், அல்லது தகரம் ஒன்றை மறைப்பாக நிறுத்துங்கள்.

விறகுக்குப் பஞ்சமே இல்லை

டெக்சாஸ் பார்பிக்யூவில் புகழ்பெற்ற மெஸ்கீட் மரமும், தமிழ்நாட்டில் அகற்றச் சொல்லி நீதிமன்றம் வரை போன சீமைக் கருவேலமும் நெருங்கிய உறவு. ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் அதன் கரி நல்ல சூடு தரும். செங்கல்பட்டுக் கடலோரத்தின் சவுக்கும் பிரியாணி தம் போடுகிறவர்களின் நம்பிக்கைக்குரிய விறகு. கரிக்கு நடுவே காய்ந்த கொய்யா, மா கட்டைகள் இரண்டு, மூன்று வைத்தால் வாசனைக்குப் போதும். பச்சை மரம், பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை கூடவே கூடாது. வெள்ளையாகக் குமுறும் புகை கசக்கும். மெல்லிய நீலப் புகை வந்த பிறகுதான் இறைச்சியை ஏற்ற வேண்டும்.

சிக்கன் லெக் பீஸ் இரண்டு மணி நேரத்தை ஒட்டி வெந்துவிடும். எலும்பருகே 74 டிகிரி காட்டுகிறதா என்று பாருங்கள். ஆட்டுத் தொடை வேறு கதை. உள்சூடு 65, 70 டிகிரியில் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிரவைப்பதால் வரும் தேக்கம் அது, ஸ்மோக்கர் பழுதாகிவிடவில்லை. அமெரிக்கர்கள் அந்த நேரத்தில் காகிதத்திலோ ஃபாயிலிலோ சுற்றுவார்கள். நமக்கு வாழையிலை இருக்கிறது.

மீன் என்றால் 63 டிகிரி போதும். ஆனால் சூரை, கானாங்கெளுத்தி வாங்கினால் கரைக்கு வந்ததிலிருந்து ஐஸில் இருந்ததா என்று கேளுங்கள். சூடேறிக் கிடந்த மீனில் சேரும் ஹிஸ்டமைன் நச்சு, வேகவைத்தாலும் போகாது.

புகையில் என்ன ஆபத்து?

கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகைதான் டிரம் ஸ்மோக்கரின் தனி ருசி. சிக்கலும் அதில்தான் இருக்கிறது. அப்படி எரியும் கொழுப்பிலிருந்து பி.ஏ.எச். என்ற வேதிப்பொருட்கள் உருவாகும். அவற்றில் பென்சோபைரீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது. ஐரோப்பிய யூனியன் 2014 செப்டம்பர் முதல் புகையூட்டிய மீன், இறைச்சியில் அதன் உச்சவரம்பை கிலோவுக்கு 2 மைக்ரோகிராமாகக் குறைத்தது.

இந்தத் தலைவலி மேற்கு ஆப்பிரிக்க மீனவப் பெண்களுக்குப் பழசு. கானாவில் மண் அடுப்பிலும் எண்ணெய் பேரலிலும்தான் மீனுக்குப் புகை போட்டார்கள். 1960-களின் இறுதியில் அக்ராவை ஒட்டிய சோர்கோர் என்ற மீனவ ஊரில், அடுக்குத் தட்டுகள் கொண்ட செவ்வக அடுப்பு உருவானது. விறகு மிச்சமானது, ஒரே நேரத்தில் அதிக மீன் வெந்தது. பி.ஏ.எச். மட்டும் தீரவில்லை. பிறகு ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு செனகலில் உருவாக்கிய தியாரோயே அடுப்பில், கொழுப்பு தணலில் விழாமல் பிடிக்க ஒரு தட்டு சேர்த்தார்கள். உங்கள் பேரலிலும் கரிக்கும் வலைக்கும் நடுவே ஒரு பழைய தட்டைத் தொங்கவிட்டால் அதே வேலைதான். ருசி கொஞ்சம் குறையும், உண்மைதான். வாராவாரம் சாப்பிடுகிறவர்கள் தட்டு வைப்பதே நல்லது.

உடனடியாக உயிரைப் பறிக்கக்கூடியது வேறொன்று. காற்றைக் குறைத்துத்தான் இந்த அடுப்பையே ஓட்டுகிறோம். ஆக்சிஜன் போதாமல் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடை அதிகம் விடும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நண்பர்களில் இருவர், பார்பிக்யூ அடுப்பு இருந்த அறையில் தூங்கி, காலையில் பிணமாகக் கிடந்தார்கள். குளிருக்கோ மழைக்கோ பயந்து அடுப்பை உள்ளே எடுத்துவைக்கும் அந்த ஒரு நிமிட முடிவு ஈ.சி.ஆர். வீடுகளிலும் நடக்கக்கூடியதுதான். ஜன்னல் திறந்திருக்கிறது, கரி சாம்பல் பூத்துவிட்டது என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. மூடிய போர்டிகோ, அபார்ட்மென்ட் பால்கனி, கூடாரம் எதுவும் வேண்டாம். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வந்தால் 'சரக்கு ஓவர்' என்று படுக்கவைக்காதீர்கள். வெளியே காற்றுக்குத் தூக்கிவந்து 108-ஐ அழையுங்கள்.

சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. கீழ் வால்வு, மேல் ஓட்டைகள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு பேரலை வெட்டவெளியிலேயே விடுங்கள். தீ அணையச் சில மணி நேரம் ஆகும். வெளித்தகடு அதுவரை கொதிக்கும், குழந்தைகளை அண்டவிடாதீர்கள். மறுநாள் கூடையில் மிஞ்சும் கரியை உதறி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். சாம்பலை மட்டும் அன்றே கொட்டிவிடுங்கள். உப்புக்காற்றின் ஈரம் அதில் ஏறினால், முதலில் துருப்பிடித்து ஓட்டையாவது பேரலின் அடித்தகடுதான்.