கழுத்துத் தண்டுவடக் காயமும் தீவு மக்களின் தேவையும்

மனிதனின் கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவே சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம் மூளையிலிருந்து கீழிறங்குகிறது. கைகால்களை இயக்கும் கட்டளைகளும், தொடுவுணர்வும், மூச்சு, சிறுநீர், மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் இதன் வழியாகவே செல்கின்றன. உயரத்திலிருந்து விழுதல், சாலை விபத்து, ஆழமற்ற நீரில் தலைகீழாகப் பாய்தல் ஆகியவற்றால் கழுத்தெலும்பு முறிந்தோ விலகியோ தண்டுவடத்தை நசுக்கினால் இப்பாதை தடைப்படுகிறது. உலகில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானோர் தண்டுவடக் காயத்துடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தென்னையும் கமுகும் ஏறுவோரும் கடலை நம்பி வாழ்வோரும் மிகுந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இதனைத் தனியே ஆராய்வது அவசியமாகும்.

ஓர் எலும்பின் வேறுபாடு

காயம் எந்த மட்டத்தில் நேர்ந்தது என்பதே பிற்கால வாழ்வைப் பெரிதும் தீர்மானிக்கிறது. மூன்று முதல் ஐந்து வரையிலான கழுத்து நரம்புகள் மூச்சுக்குரிய உதரவிதானத்தை இயக்குகின்றன. இவற்றுக்கு மேலே தண்டுவடம் முற்றிலும் சேதமடைந்தால் மூச்சுக்கே இயந்திரம் வேண்டும். ஐந்தாம் மட்டம் வரை செயல்பட்டால் முழங்கையை மடக்கலாம். ஆறாம் மட்டமும் செயல்பட்டால் மணிக்கட்டை உயர்த்திப் பொருளைப் பற்றலாம். ஏழாம் மட்டமும் இருப்பின் முழங்கையை நீட்டிக் கையை ஊன்றி, பலர் தாமே சக்கர நாற்காலிக்கு மாற முடியும். ஒரு மட்டம் கூடுதலாகக் காப்பாற்றப்பட்டால், உணவுண்ணப் பிறர் கையை எதிர்பார்க்கும் ஒருவர் தம் கையால் உண்பவராகலாம்.

முதல் மணிநேரங்கள்

சேதம் அடிபட்ட கணத்தோடு முடிவதில்லை. வீக்கம், இரத்தக் கசிவு, பிராணவாயுக் குறைவு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியன அடுத்த சில மணிநேரங்களிலும் நாட்களிலும் அதனைப் பெருக்குகின்றன. முறிந்த கழுத்து அசைந்தாலும் காயம் மிகலாம். எனவே விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பதோ தண்ணீர் புகட்டுவதோ கூடாது. மூச்சைக் கவனித்தவாறு, ஒருவர் தலையை இரு கைகளாலும் அசையாது பிடிக்க, மற்றவர்கள் உடலை ஒரே கட்டையைப் போல் புரட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும்.

மருத்துவமனையில் மூச்சும் இரத்த அழுத்தமும் காக்கப்பட்டு, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களால் காயத்தின் தன்மை அறியப்படுகிறது. நசுக்கும் எலும்பை அகற்றிக் கழுத்தை நிலைப்படுத்தும் அறுவையை, இயலுமாயின் 24 மணி நேரத்திற்குள் செய்வது நன்று என இன்றைய மருத்துவம் கருதுகிறது. ஒரு காலத்தில் வழக்கமாக இருந்த மிகை அளவு ஸ்டீராய்டு இன்று அனைவருக்கும் பரிந்துரைக்கப்படுவதில்லை.

தொலைவு என்னும் தடை

இந்த 24 மணி நேரம் தீவுகளில் விரைந்து கரைகிறது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலிருந்து கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. சென்னை 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. விமானத்தில் இரண்டு மணி நேரத்தைச் சற்றுக் கடக்கும் இப்பயணம் கப்பலில் இரண்டு மூன்று நாட்களாகும். ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனை, கார் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனை ஆகியவற்றை அடைவதற்கே தொலைதூரத் தீவினர் படகையோ ஹெலிகாப்டரையோ வானிலையையோ நம்ப வேண்டியுள்ளது. எனவே தோட்டத்திலும் படகுத்துறையிலும் முதலில் கைகொடுப்பவரின் பயிற்சியே சிகிச்சையின் முதற்படியாகும்.

இல்லம் திரும்பிய பின்

முற்றிலும் சேதமடைந்த தண்டுவடத்தை மீட்கும் மருந்து இன்றும் இல்லை. ஆகவே மறுவாழ்வே சிகிச்சையின் பெரும்பகுதி. படுக்கைப்புண் வராதபடி ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு முறை புரட்டுதல், சிறுநீரைக் குழாயிட்டு முறையாக வெளியேற்றுதல், சளியை அகற்றுதல், மூட்டுகள் இறுகாமல் பயிற்சியளித்தல் ஆகியவற்றைக் குடும்பத்தார் கற்க வேண்டும். சிறுநீர் அடைப்புப் போன்ற சிறு தூண்டுதலும் இரத்த அழுத்தத்தைத் திடீரென ஆபத்தான அளவுக்கு உயர்த்தக்கூடும் என்பதையும் அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இதனால் விளையும் பயனுக்குத் தமிழகமே சான்று. பொறியியல் மாணவராயிருந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் இயக்கமிழந்தார். 1981இல் அவர் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் நிறுவிய அமர் சேவா சங்கம் மாற்றுத் திறனாளிகளுக்குக் கல்வி, சிகிச்சை, தொழிற்பயிற்சி அளித்து வருகிறது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

திட்டமிடுவோர் கருத வேண்டியது

ஒருவர் செயலிழக்கும்போது அவரது வருவாயுடன், அருகிருந்து காக்கும் உறவினரின் வருவாயும் குடும்பத்திற்கு இல்லாமற் போகிறது. நிதி ஒதுக்கீட்டில் கட்டடமும் கருவியும் எளிதில் இடம்பெறுகின்றன. விபத்து நேர்ந்த இடத்திற்கான தூக்குப் பலகையும் பயிற்சியும், வீடு திரும்பியவருக்கான செவிலியர் வருகையும் சக்கர நாற்காலி செல்லும் சாய்தளமும் எளிதில் விடுபடுகின்றன. இவற்றின் செலவு ஒப்பீட்டளவில் சிறிது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் மறுவாழ்வை அரசின் கடமையாக்கியுள்ளது. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள இவ்விரு கண்ணிகளும் உறுதிப்படாத வரை, இடையில் செய்யப்படும் சிறந்த அறுவையின் பயனும் குறைந்தே போகும்.