யாரும் எழுதி வைக்காத இளைப்பு

1930-களின் தொடக்கம். ராவல்பிண்டி ராணுவ முகாமில் அரைக்கால் சட்டையும் பருத்திச் சட்டையும் அணிந்த இந்தியச் சிப்பாய்கள் ஓர் அறைக்குள் அனுப்பப்படுகிறார்கள். உள்ளே கடுகு வாயு. இந்தியர்களின் தோல் இதை எவ்வளவு தாங்கும், வெள்ளைக்காரர்களைவிட அதிகமாகப் புண்படுமா என்று கண்டறிவதற்காக, பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் பத்தாண்டுகளுக்கு மேல் நடத்திய சோதனை அது. ஒரு சிப்பாய்க்கு முகமூடி நழுவியது. கண்ணும் முகமும் வெந்துபோயின. கடுமையாக வெந்தவர்கள் வேதனையிலும் மனச்சோர்விலும் கிடந்ததை விஞ்ஞானிகளின் 1942-ஆம் ஆண்டு அறிக்கையே சொல்கிறது. பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்த இந்தக் கோப்புகளை, 2007 செப்டம்பரில் ‘கார்டியன்’ நாளிதழ் வெளியே கொண்டுவந்தது.

புண் ஆறிய சிப்பாய்கள் பிறகு என்ன ஆனார்கள், யாருக்கு என்ன நோய் வந்தது என்று அந்த விஞ்ஞானிகள் திரும்பிப் பார்க்கவில்லை. சோதனையைவிட எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். ஏனென்றால் கடுகு வாயுவின் முழு வேலையும் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பெயர்தான் வாயு, உண்மையில் அது எண்ணெய்ப் பதத்தில் இருக்கும் திரவம். குண்டு வெடிக்கும்போது நுண்துளியாகவும் ஆவியாகவும் பரவும். பட்டவுடன் வலிக்காது. சில மணி நேரம் கழித்தே கண் எரியும், தோல் கொப்புளிக்கும், தொண்டை கட்டும். அதற்குள் அது செல்லுக்குள் புகுந்து மரபணுவையே சிதைத்திருக்கும். மூச்சுக்குழாயின் உள்சவ்வு உரிந்து விழும். உயிர் பிழைத்தவருக்குப் புண் ஆறிவிடும். ஆனால் நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள மெல்லிய காற்றுக்குழல்கள் தழும்பேறிச் சுருங்கிவிடும். உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் தங்கும். ‘பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிடரன்ஸ்’ என்கிறார்கள் மருத்துவர்கள். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நுண்ணிய சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும், ஊதிப் பார்க்க வேண்டும். மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுக்க இழுத்து, குழாயில் ஒரே மூச்சாக ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதில் நோய் பிடிபடும். பாதித்தவர் அந்த ஒரு நொடிக்குத் திணறுவார். ஊதி முடிந்ததும் இருமல் பிடித்துக்கொள்ளும். இன்ஹேலரும் ஆக்சிஜனும் ஆறுதல் தரும். சுருங்கிய குழல் பழைய நிலைக்குத் திரும்பாது.

ராவல்பிண்டிக்கு முன்பே நம்மவர்கள் நச்சு வாயுவைச் சுவாசித்திருக்கிறார்கள். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியர்கள் குளோரினைத் திறந்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து அதே களத்தில் இறக்கப்பட்டது இந்திய ராணுவத்தின் லாகூர் டிவிஷன். அதிகாரிகள் விழுந்துவிட்ட நிலையில் ஜமேதார் மீர் தஸ்த் ஆட்களைத் திரட்டி நடத்தினார். காயம்பட்ட எட்டு அதிகாரிகளைக் குண்டுமழைக்கு நடுவே மீட்க உதவினார். பிரைட்டன் அரண்மனை மருத்துவமனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவருக்கு விக்டோரியா கிராஸ் அணிவித்தார். அந்தப் பதக்கம் பெரிய பெருமைதான் என்றாலும் வாயு தன்னை நிம்மதியாக விடவில்லை என்ற பொருள்பட அவர் கடிதம் எழுதினார்.

பின்தொடர்ந்து பார்த்த நாடுகளும் உண்டு. 1980 முதல் 1988 வரை நடந்த போரில் இராக் ஈரான்மீது கடுகு வாயுவை ஏவியது. 1987 ஜூன் 28 அன்று சர்தஷ்த் என்ற ஊரின்மீதே குண்டு போட்டது. ஈரான் பாதிக்கப்பட்டவர்களைப் பதிவு செய்தது. அந்நாட்டு மருத்துவர்கள் பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் அதே ஆட்களைக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். சம்பவ நாளில் மருத்துவமனைக்கே போகாத, லேசாக வாயு பட்ட சிலருக்கும் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் கெட்டிருந்தது அதனால்தான் தெரியவந்தது. ஜப்பானில் ஒகுனோஷிமா தீவில் 1929 முதல் 1945 வரை நச்சு வாயுத் தொழிற்சாலை ஓடியது. அங்கு வேலை பார்த்தவர்களை ஹிரோஷிமா பல்கலைக்கழக மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் கவனித்தார்கள். நுரையீரல் புற்றுநோய் அவர்களிடையே அதிகம் என்பதைக் கண்டார்கள்.

நாமோ போபாலைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. 1984-இல் அங்கு நடந்த விஷவாயு விபத்துக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய நீண்டகால ஆய்வு 1994-இல் நின்றது. இந்தியாவிடம் இருந்த 1,044 டன் கடுகு வாயுவை, சர்வதேச ஒப்பந்தப்படி டன் கணக்குக் காட்டி 2009-இல் அழித்து முடித்தோம். பாராட்ட வேண்டிய காரியம். அந்த வாயு பட்ட நம் சிப்பாய்களுக்கு மட்டும் கணக்கு இல்லை. 2008-இல் போர்ட்டன் டவுன் சோதனைகளுக்கு ஆளான 360 முன்னாள் படைவீரர்களுக்கு பிரிட்டன் அரசு 30 லட்சம் பவுண்டு கொடுத்தது. அவர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்காடினார்கள். ராவல்பிண்டி சிப்பாய்க்கு யார் இருந்தார்?

இங்கே நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் வீடு என்று அடையாளம் சொல்லும் கிராமங்கள் நிறைய. திருமயம், குளத்தூர் பக்கம் போனால் கல்குவாரியும் கிரஷரும். பட்டாளத்துக்காரரோ குவாரித் தொழிலாளியோ மூச்சு வாங்கிக்கொண்டு மருத்துவமனை வாசலுக்கு வந்தால், ஓ.பி. சீட்டில் எழுதுவது பெரும்பாலும் ஒரே வரிதான்: இருமல், இளைப்பு. “பீடி குடிப்பீங்களா?” என்று கேட்பார்கள். “என்ன வேலை பார்த்தீங்க, எங்கே பார்த்தீங்க?” என்று கேட்பது அபூர்வம். கல்தூசி தரும் சிலிக்கோசிஸும் கடுகு வாயு மாதிரியே பல வருஷம் சத்தமில்லாமல் வளர்வது. டி.பி. என்று நினைத்து மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. சட்டப்படி சிலிக்கோசிஸ் கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ராஜஸ்தான் 2019-இல் இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்து, நோயாளிகளை அடையாளம் கண்டு உதவித்தொகை கொடுக்கிறது. அப்படி ஒரு பதிவேடு நம் மாவட்டத்துக்கும் வேண்டும். முன்னாள் படைவீரர்கள், குவாரித் தொழிலாளிகள் இரு சாராருக்கும் அதில் இடம் வேண்டும். 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றும் எட்டாத பொருள் இல்லை.

படைவீரர் குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் பெட்டியடியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 1930-களிலோ 40-களிலோ ராவல்பிண்டி என்று இருந்து, கடைசிக் காலத்தில் அவர் இளைப்போடு கிடந்த நினைவும் வீட்டில் இருந்தால், இரண்டையும் ஒரு தாளில் எழுதி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். உயிரோடு இருப்பவர் மூச்சு வாங்கினால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு பணி விவரச் சீட்டையும் கொண்டுபோங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள்.