நடு வயதினர்க்கு ஒரு முத்திறப் போட்டி



கண்டி விளையாட்டிற் பற்று மிகுந்த ஊர். 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் 400 மீற்றர் தடை தாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்ற டங்கன் வைற் இங்குள்ள திரித்துவக் கல்லூரியிற் பயின்றவர். நித்தவலை மைதானத்தில் றக்பி ஆட்டம் நடைபெறும் நாள்களில் ஊரே அங்குத் திரண்டுவிடும். எனினும், அவ்வாறு திரள்வோரிற் பெரும்பாலார் பள்ளிப் படிப்பு முடிந்த அன்றே விளையாட்டுச் சப்பாத்தைக் கழற்றி வைத்தவர்கள். அதன்பின் மேசையும் நாற்காலியும், பஸ் வண்டியும், இருவேளைச் சோறும், சர்க்கரை மிகுந்த தேநீருமாக இருபது முப்பது ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. ஐம்பதாவது வயதில் வைத்தியர் குருதியமுக்கத்தை அளந்து பார்த்து, நீரிழிவுக்கும் ஒரு பரிசோதனை எழுதித் தருகின்றார். அப்பொழுதுதான் உடம்பு என ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகின்றது.

இந்நிலையில் உள்ள ஒருவர், நீந்தல், சைக்கிள் மிதித்தல், ஓடல் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாது செய்து முடிக்கும் போட்டிக்குத் தம்மை ஆயத்தம் செய்யலாமா? கேட்டவுடன் நகைப்பு வரக்கூடிய வினா இது. ஆயினும் இன்று உலகெங்கும் இப்போட்டியில் ஈடுபடுவோரில் நடு வயதினர் பெருந்தொகையினர். அவர்களுள் இளமையில் வீரராக இருந்திராதவரும் பலர். ஆகவே இதனைச் சற்று நின்று ஆராய்தல் தகும்.

திரையத்லன் என்னும் பெயர் கிரேக்கச் சொற்களால் ஆயது. மூன்று போட்டி என்பது பொருள். முத்திறப் போட்டி என நாம் வழங்கலாம். சொற்கள் பழையனவாயினும் போட்டி புதியது. அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1974 செப்டெம்பர் 25 ஆம் நாள் ஓட்டக் கழகம் ஒன்று நடத்திய போட்டியே இதன் தொடக்கம். 46 பேர் பங்குபற்றினர். அவர்களுள் ஒருவரான ஜோன் கொலின்ஸ் என்னும் கடற்படை அதிகாரி 1978 இல் ஹவாயில் இதனைப் பன்மடங்கு நீட்டினார். ஏறத்தாழ 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து, இறுதியில் மரதன் தூரமாகிய 42 கிலோமீற்றரும் ஓட வேண்டும். பதினைவர் தொடங்கினர், பன்னிருவர் முடித்தனர். இரும்பு மனிதர் போட்டி என்னும் பெயர் இதற்கே உரியது. 2000 ஆம் ஆண்டு சிட்னி நகர ஒலிம்பிக் விழாவில் முத்திறப் போட்டி முதன்முறை இடம்பெற்றபொழுது, தூரம் 1.5, 40, 10 கிலோமீற்றர் என வகுக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2018 இல், இரும்பு மனிதர் தூரத்திற் பாதியளவான போட்டி கொழும்பில் நடைபெற்றது.

இத்தூரங்களைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. ஒலிம்பிக் தூரத்திற் பாதியாக, 750 மீற்றர் நீந்தி, 20 கிலோமீற்றர் சைக்கிளிற் சென்று, 5 கிலோமீற்றர் ஓடும் குறுந்தூரப் போட்டியும் உண்டு. அதனினும் குறைந்தனவும் உள. மேலும், வயதுப் பிரிவு ஐந்தைந்து ஆண்டுகளாக வகுக்கப்படுவதால் ஐம்பது வயதினர் இருபது வயதினரோடு மோத வேண்டியதில்லை. நடு வயதில் தொடங்குவோர்க்கு உரியது இக்குறுந்தூரமே. ஓராண்டிற்குள் இரும்பு மனிதராக விரும்புவோர் இப்பேச்சைக் கேளாது விடலாம்.

உழைப்பின்றி இளகிப்போன உடம்பு மீளுமா என்பதே முதற் கேள்வி. இதற்கு விடை கூறும் ஆராய்ச்சிகள் இரண்டை இங்குக் குறிப்பிடுவேன். 1953 இல் ஜெரி மொறிஸ் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இலண்டன் நகரத்து இரட்டைத் தட்டு பஸ் வண்டிகளிற் பணிபுரிந்தோரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்திருக்கும் சாரதிகளைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டு வழங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவு எனக் கண்டனர். ஒரே வண்டி, ஒரே தெரு, ஒரே புகை. வேறுபாடு கால்களில் இருந்தது.

மற்றையது இன்னும் வியப்புக்குரியது. 1966 இல் அமெரிக்காவின் டலஸ் நகரில், இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்து, உடம்பு ஒட்சிசனைப் பயன்படுத்தும் ஆற்றல் எவ்வளவு குன்றுகின்றது என அளந்தனர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1996 இல், ஐம்பது வயதெய்திய அதே ஐவரையும் மீண்டும் அழைத்து அளந்தனர். முப்பது ஆண்டு முதுமை விளைத்த குறைவை விட, இளமையில் மூன்று வாரப் படுக்கை விளைத்த குறைவு பெரிதாக இருந்தது! பின்னர் ஆறு மாதம் நடை, மென்னோட்டம், சைக்கிள் எனச் சிறிது சிறிதாகப் பயிற்றினர். இருபது வயதிற் பயிற்சிக்கு முன் இருந்த அளவுக்கு அவர்கள் மீண்டனர். இளமையிற் கடும் பயிற்சியால் எட்டிய உச்சத்தை எட்டினார் அல்லர் என்பதையும் உடன் கூற வேண்டும். ஐவரே என்பதால் இதனை வேதவாக்காகக் கொள்ளலாகாது. ஆயினும் வயதின்மேல் நாம் சுமத்தும் பழியிற் பெரும்பங்கு நாற்காலிக்கு உரியது என்பது இதனாற் புலனாகின்றது.

வாழ்ந்து காட்டியோரும் உளர். 1930 இற் பிறந்த மடோனா பியூடர் என்னும் அமெரிக்கக் கத்தோலிக்கத் துறவி தம் 48 ஆம் வயதில் ஓடத் தொடங்கினார். 52 ஆம் வயதில் முதல் முத்திறப் போட்டி. 2012 இல் 82 வயதினராகக் கனடாவில் முழு இரும்பு மனிதர் தூரத்தையும் முடித்தார். நம் மொழி பேசுவோரில், சென்னை மாநகர மேயராக இருந்த மா. சுப்பிரமணியன் அவர்கள் 2004 இல் வாகன விபத்தில் முழங்காலிற் காயமுற்றவர். ஐம்பதைக் கடந்த பின்னர் ஓட்டத்தை மேற்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட அரை மரதன் ஓட்டங்களை நிறைவு செய்துள்ளார். இவர்களை எல்லாரும் பின்பற்ற வேண்டும் என நான் கூறவில்லை. இயலாது என முன்கூட்டியே தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை என்பதே கருத்து.

ஓட்டம் ஒன்றே போதாதா, மூன்றும் எதற்கு எனக் கேட்கலாம். கனத்த உடம்பினர்க்கு மூன்றாயிருத்தலே நன்மை. ஓடும்பொழுது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் விழுகின்றது. சைக்கிளில் எடையை இருக்கை தாங்கும்; நீரிலோ எடை பெரும்பாலும் இல்லை எனலாம். ஆகவே ஒருநாள் ஓடி நொந்த முழங்கால் மறுநாள் தடாகத்தில் ஓய்வு கொள்ள, இதயமும் நுரையீரலும் மட்டும் தம் பயிற்சியைத் தொடர்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதயமும் தசையும் சில வாரங்களிலேயே உழைப்புக்குப் பழகிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களோ மெல்லப் பழகுவன. அவற்றிற்கு மாதங்கள் வேண்டும். இல்ல விளையாட்டுப் போட்டிகளிற் பெற்றோர்க்கென நடத்தும் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். இருபதாண்டு ஓடாத தந்தையர், பிள்ளைகள் ஆர்ப்பரிக்கப் பாய்ந்து புறப்படுவர். முப்பது மீற்றரில் ஒருவரேனும் தொடையைப் பற்றிக்கொண்டு புல்லில் அமர்ந்துவிடுவார். ஒவ்வோராண்டும் இக்காட்சியை நான் காண்கின்றேன். நெஞ்சு தயாராக இருந்தது. தசை தயாராக இல்லை.

ஆதலின் முதல் இரண்டு மாதம் நடையே போதும். அதற்குக் கண்டி வாவிக்கரையினும் சிறந்த இடம் வேறு யாது? கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் அமைப்பித்த இவ்வாவியின் சுற்று மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மிகும். மலை சூழ்ந்த ஊரில் மேடுபள்ளமற்ற பாதை ஈதொன்றே எனலாம். விடியற்காலையில் குளிரும் உண்டு, நிழலும் உண்டு, வாகனப் புகையும் குறைவு. ஒரு சுற்றை எளிதில் நடக்க இயன்றபின், ஒரு நிமிடம் மென்னோட்டம், இரண்டு நிமிடம் நடை என மாறி மாறிச் செல்க. வேகத்தை அளக்கக் கருவி வேண்டா. உடன் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடியுமாயின் வேகம் சரி. ஒற்றைச் சொல்லாக மூச்சு வாங்கினால் மிகுதி. ஹந்தானை மலைச் சாலையை முதலாண்டில் ஓடுவதற்குத் தேர்ந்தெடுத்தல் வேண்டா. ஏறுவதை விட இறங்குவதே தொடையை மிகுதியும் நோகச் செய்யும் என்பதை மலைநாட்டார்க்கு நான் சொல்லத் தேவையில்லை.

சைக்கிள் கண்டியில் அரிதாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியர் முதல் அர்ச்சகர் வரை சைக்கிளிற் சென்ற காலத்திலும், இங்கு மேடுகள் அதனை அனுமதிக்கவில்லை. பற்சக்கரங்கள் பல உள்ள வண்டி இருப்பின் இக்குறை பெரிதும் தீரும். பேராதனையிலிருந்து கம்பளை நோக்கி மகாவலியை ஒட்டிச் செல்லும் வீதி ஒப்பளவிற் சமமானது. ஞாயிறு விடியலில் அங்கே பழகலாம். கொழும்பு வீதியிற் கடுகண்ணாவைக் கணவாய் வரை சென்று இறங்குதல் இன்பமே. திரும்பி ஏற வேண்டும் என்பதை இறங்குமுன் நினைக்க. தலைக்கவசம் இன்றி இறங்குதல் கூடவே கூடாது. நமது பஸ் சாரதிகள் சைக்கிளை வாகனமாகக் கருதுவதில்லை.

நீச்சலே மூன்றினும் கடினமானது, ஆபத்தும் அதிலேதான். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இற் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்தவர். அத்தகைய நீச்சல் வீரரும் 1984 இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபொழுது உயிர் துறந்தார். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த முத்திறப் போட்டிகளை ஆராய்ந்தோர், இறப்பும் இதயம் திடீரென நின்றமையுமாக 135 நிகழ்ச்சிகளைக் கண்டனர். அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு நீச்சலின்போது நேர்ந்தவை. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். சராசரி வயது 47 அளவில். பங்குபற்றிய தொகையோடு ஒப்பிடின் இது மிகச் சிறிதே, இலட்சத்திற்கு இருவருக்கும் குறைவு. எனினும் இடருக்குள்ளாவோர் யாவர் என்பதைக் கவனியுங்கள்: நம் வயதுடைய ஆடவர்! இதயக் குழாயில் ஒளிந்திருந்த நோய், குளிர்ந்த நீர், நெருக்கடி, அச்சம் ஆகியன ஒருங்கே தாக்கும்பொழுது, நின்று இளைப்பாற நிலமும் இல்லை. ஆதலின் பயிற்சி தொடங்குமுன்பே வைத்தியரிடம் சென்று குருதியமுக்கம், சர்க்கரை, இதயமின் பதிவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும். நடக்கும்பொழுது நெஞ்சிறுக்கமோ, இடக்கை நோவோ, தலைச்சுற்றோ தோன்றுமாயின் அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்க. வாயு எனச் சொல்லி இஞ்சித் தேநீர் அருந்தி அமர்ந்திருத்தல் நம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தால் மாண்டோர் ஒவ்வொரு தெருவிலும் உளர்.

வாவியில் நீந்தல் ஆகாது. மகாவலி ஆற்றிலும் ஆகாது. மேலே கொத்மலையில் அணைக்கதவு திறக்கப்படின் நீர் விரைந்து உயரும். தெளிந்து தோன்றும் மணற்றிட்டின் அருகே ஆழ்மடு இருக்கும். கண்டியிலும் பேராதனையிலும் கல்வி நிலையங்களையும் விடுதிகளையும் சார்ந்த நீச்சல் தடாகங்கள் உள்ளன. மாலையில் ஒரு மணி நேரம், பயிற்றுநர் ஒருவரின் கண்பார்வையில், மார்பளவு நீரில் தொடங்குக. கை வீச்சினும் முதலிற் பழக வேண்டியது மூச்சு. முகத்தை நீரில் வைத்து மெல்ல மூச்சை வெளியே விடுவதற்கு மனம் இசைந்துவிட்டாற் பாதி நீச்சல் வந்துவிட்டது. கடலிலிருந்து நெடுந்தூரத்திற் பிறந்த மலைநாட்டு மக்களுக்கு இவ்விசைவு வர வாரங்கள் ஆகலாம், நாணத் தேவையில்லை. பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கும் தடாகம் உண்டா என விசாரித்துச் சேரலாம். உடை பற்றிய கூச்சத்தால் நம் சகோதரிகள் இதனை இழத்தல் கூடாது. கை கால் முழுதும் மறைக்கும் நீச்சலுடைகள் இன்று கடைகளிற் கிடைக்கின்றன.

உணவைப் பற்றிப் பலர் வினவுவர். உழைத்தமையால் எடை விரைந்து குறையும் என எண்ணுதல் தவறு. ஒரு மணி நேர நடையில் எரித்ததை இரண்டு வடையும் ஒரு சர்க்கரைத் தேநீரும் திருப்பித் தந்துவிடும். இரவுச் சோற்றைக் குறைத்து, பருப்பு, மீன், முட்டை, கீரை ஆகியவற்றைக் கூட்டுக. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் வெறும் வயிற்றில் நெடுநேரம் உழைத்தலாகாது. மருந்தின் அளவையும் நேரத்தையும் வைத்தியரே மாற்றித்தர வேண்டும்.

நேரம் இல்லை என்பது அடுத்த தடை. டலஸ் நகரத்து ஐவர் இறுதியில் வாரத்திற்கு ஏறத்தாழ நான்கரை மணியே பயின்றனர். இரண்டு நாள் நடையோட்டம், இரண்டு நாள் நீச்சல், ஞாயிறு சைக்கிள், ஏனைய இரண்டு நாள் முழு ஓய்வு என வகுத்தால் அவ்வளவில் அடங்கும். ஒருவர் விடியலில் ஓடுவதற்காக வீட்டிலுள்ள மற்றவர் அடுப்படியில் இருமடங்கு உழைக்க நேர்தல் நியாயமன்று. கணவனும் மனைவியும் நாள் மாற்றிக்கொள்ளலாம். ஆறாம் மாதத்தில், சைக்கிளை விட்டிறங்கியவுடன் பத்து நிமிடம் ஓடிப் பாருங்கள். கால்கள் தம்முடையன அல்லாதனபோலக் கனக்கும். அது நோயன்று, மிதித்துப் பழகிய தசை ஓட்டத்திற்கு மாறும் தடுமாற்றமே. இரண்டொரு வாரத்திற் பழகிவிடும்.

எசல பெரகரா நடைபெறும் ஆடி ஆவணி நாள்களில் வாவிக்கரை வீதிகள் மக்களாலும் யானைகளாலும் நிறைந்திருக்கும். அப்பொழுது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மரநிழற் சாலைகளுக்குச் செல்க. காலை ஆறு மணிக்கு முன் போய்ச் சேர்ந்தால், பஸ் கூட்டம் பெருகுமுன் வீடு திரும்பிப் பணிக்குப் புறப்பட்டுவிடலாம்.