‘ஈசி’ என்று தேடுபவருக்கு ‘வில்லங்கச் சான்று’ கிடைக்குமா?

பதிவுத் துறைக்கு அது வில்லங்கச் சான்று. மனை வாங்கப் போகிறவருக்கோ அது ‘ஈசி’. பத்திரம் எழுதுபவர் கேட்பதும் “ஈசி போட்டுப் பாத்தாச்சா?” என்றுதான். ஆகவே போனை எடுத்து அவர் தட்டுவது, ‘ஈசி ஆன்லைனில் பார்ப்பது எப்படி’. அதையும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டுகிறார். இதே விஷயத்தை ஒருவர் நல்ல தமிழில் விலாவாரியாக எழுதி இணையத்தில் போட்டிருக்கலாம். ஆனால், அதில் ‘ஈசி’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லையென்றால், எழுதியவரும் தேடுபவரும் சந்திக்காமலே போய்விட வாய்ப்பு அதிகம்.

இந்த இடைவெளியை அடைக்கும் சங்கதிதான் கீவேர்டு. எழுதுபவர் தேர்ந்தெடுக்கும் சொல் என்று பலரும் அதை நினைக்கிறார்கள். உண்மையில் அதைத் தேர்ந்தெடுப்பவர் தேடுகிறவர்.

நாம் தேடும் அந்த நொடியில் கூகுள் இணையம் முழுவதையும் புரட்டுவதில்லை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை, பெரிய புத்தகங்களின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறது. அந்த அட்டவணையில் எல்லாச் சொல்லுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. ஒரு சொல் எத்தனை குறைவான ஆவணங்களில் வருகிறதோ, அத்தனைக்கு அதன் மதிப்பு கூடும் என்பதை 1972-லேயே கட்டுரையாக எழுதியவர் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். ‘சமையல்’ என்ற சொல்லை நம்பி வீடியோ போடுகிறவர் லட்சக்கணக்கானவர்களோடு மோதுகிறார். ‘பிரண்டைத் துவையல்’ என்று போட்டால் போட்டியும் குறைவு, வருகிறவரும் அதையே தேடி வந்தவர்.

இந்தச் சூட்சுமம் தெரிந்ததும் குறுக்குவழிகளும் முளைத்தன. 1990-களில் பக்கத்தின் நிரலுக்குள், வாசகர் கண்ணில் படாமல், கீவேர்டு பட்டியல் எழுத ஓர் இடம் இருந்தது. சம்பந்தமில்லாத நடிகைகளின் பெயர்களையெல்லாம் அதில் கொட்டினார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரே சொல்லை வரிசையாக அடித்து வைத்தவர்களும் உண்டு. சில்லறை ஆட்கள் மட்டும் செய்த வேலையல்ல இது. 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து தூக்கியது. ‘பழைய கார்’ என்று தேடுவோரை இழுப்பதற்காகத் தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதர்களுக்கு வேறொரு பக்கமும் காட்டினார்கள் என்பதே குற்றச்சாட்டு. தளத்தைச் சரிசெய்த பிறகு சில நாட்களில் மீண்டும் சேர்த்துக்கொண்டது. அந்த மறைவுப் பட்டியலை வரிசைப்படுத்தலுக்குப் பார்ப்பதே இல்லை என்று 2009-ல் கூகுள் பகிரங்கமாகவே அறிவித்தது. இன்றும் அதை நிரப்பித் தருவதாகச் சொல்லிக் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

தமிழில் எழுதுபவருக்கு இதற்கு முன்பே ஒரு தடை இருந்தது. யூனிகோடு பரவும் வரை தளத்துக்கு ஓர் எழுத்துரு. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மாதான் தெரியும். கணினிக்குள் பதிவானதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். தேடுபொறி அதை எப்படி அம்மா என்று அறியும்? யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் அங்கங்கே தேடலுக்குச் சிக்காமல் கிடக்கின்றன.

எழுத்துருச் சிக்கல் தீர்ந்த இடத்தில் தங்கிலீஷ் வந்து உட்கார்ந்துகொண்டது. மீன் குழம்பையே எடுத்துக்கொள்வோம். ‘ழ’வுக்கு இசட்-எச் போடுவோர் ஒரு சாரார், எல் போடுவோர் இன்னொரு சாரார், வெறும் இசட்டோடு முடித்துக்கொள்வோர் மற்றொரு சாரார். கடைசியில் ‘இன் தமிழ்’ என்று சேர்த்துவிடும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. சமையல் சேனல்கள் தலைப்பில் பாதியைத் தமிழிலும் பாதியை ஆங்கில எழுத்திலும் வைப்பதற்குக் காரணம் இதுதான். பார்க்க அழகில்லை என்றாலும் கணக்கு சரியான கணக்கு.

யூடியூப் தலைப்புக்குத் தருவது 100 எழுத்துகள். முக்கியமான சொல்லை முன்னால் வைப்பது நல்லது; சின்னத் திரையில் வால்பகுதி வெட்டுப்பட்டுவிடும். வீடியோவோடு சேர்க்கும் ‘டேக்’ விஷயத்தில் யூடியூபே வெளிப்படையாக இருக்கிறது: மக்கள் அடிக்கடி எழுத்துப்பிழையோடு தேடும் சொல்லாக இருந்தால் அது உதவலாம், மற்றபடி அதன் பங்கு மிகச் சிறியது. இரவெல்லாம் உட்கார்ந்து ஐம்பது டேக் தேடுவதைவிட, தலைப்பையும் விவரக்குறிப்பின் முதல் இரண்டு வரிகளையும் திருத்துவது மேல்.

சரியான சொல்லைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. தேடல் பெட்டியில் இரண்டு சொல் தட்டிவிட்டு நிறுத்தினால், கீழே நீளும் பரிந்துரைகளே மக்களின் வாய்மொழி. கூகுள் டிரெண்ட்ஸில் ‘நீரிழிவு’, ‘சுகர்’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். அது காட்டும் 0 முதல் 100 வரையிலான எண் தேடியவர்களின் தலைக்கணக்கல்ல, ஒப்பீடு மட்டுமே. இரண்டில் ஒன்றைப் பலிகொடுக்கவும் வேண்டியதில்லை. ‘சுகர் என்று நாம் சொல்லும் நீரிழிவு’ என்று முதல் பத்தியில் இயல்பாக எழுதிவிட்டால் இரு தரப்பும் வந்து சேரும். தேடுபொறிகள் இப்போது ஒத்த சொற்களை ஓரளவு புரிந்துகொள்வதால், ஒரே சொல்லைப் பத்து முறை திணிப்பது வாசகரைத்தான் விரட்டும்.

வெளியிட்டதோடு வேலை முடிவதில்லை. சொந்தத் தளம் வைத்திருப்பவருக்கு கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். எந்தச் சொல்லைத் தேடியபோது தம் பக்கம் பட்டியலில் தெரிந்தது, அதில் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்ற விவரம் அதில் இருக்கும். வில்லங்கச் சான்று பற்றிய பக்கம் ‘ஈசி’ தேடலில் பல முறை தெரிந்தும் யாரும் தொடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது கட்டுரையைத் திருப்பி எழுத வேண்டாம். தலைப்பை ‘வில்லங்கச் சான்று (ஈசி): வீட்டிலிருந்தே பார்ப்பது எப்படி?’ என்று மாற்றிவிட்டு, சில வாரம் கழித்து அதே கணக்கைத் திரும்பப் பார்த்தால் போதும்.